ஒரு விரற்கடை தள்ளினால் படம் போச்சு: வாசகர் கேள்வி-பதில்

மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் டிவி, நாளிதழில் வரும் வரி விளம்பரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில குடியிருக்கோமுங்க. கேபிள் வராது. டிடி ஃப்ரீ டிஷ் வாங்கி மூணு நாளா திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், சிக்னல் சிக்க மாட்டேங்குது. சுத்தியும் தென்னை. எந்தப் பக்கம் பார்த்து வெக்கோணும்?

ஃப்ரீ டிஷ் சேனல்கள் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. அது பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. உங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கு, ஆனால் தெற்கைவிடக் கிழக்கை ஒட்டி. நேர் கிழக்கே பார்த்து நின்று, வலது பக்கம் 33 டிகிரி திரும்புங்கள். செல்போன் திசைகாட்டியில் 122 முதல் 125 வரை காட்டும். பொள்ளாச்சி, கோவைக்கு 122-123, ஈரோட்டுக்கு 125. போனை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள், முள் பொய் சொல்லும். நாலைந்து அடி தள்ளி நின்று பார்த்து, தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

திசையை விட, உயரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே, தரையிலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதற்காகத் தட்டை வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்தால் ஒன்றும் வராது. நம் ஊரில் விற்கும் 60 செ.மீ. தட்டுகள் நேராகப் பார்ப்பவை அல்ல. தட்டுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற முனையைத் தாங்கும் கை கீழிருந்து வருகிறதே, அந்த அமைப்பில் தட்டு தான் பார்க்கும் இடத்தைவிட ஏறத்தாழ 22 முதல் 26 டிகிரி மேலேயிருந்து சிக்னலை வாங்குகிறது. ஆகவே தட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடும்படி ஒரு நேரான குச்சியை வைத்தால், அது தரைக்குச் சுமார் 45 டிகிரியில் சாய்ந்திருக்க வேண்டும். தாங்கியில் டிகிரி அளவு பொறித்திருந்தால் அதில் 67 வைத்தால் போதும், கழித்தல் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் கம்பம் செங்குத்தாக இருந்தால்தான். ரசமட்டமோ தூக்குக்குண்டோ வைத்துக் கம்பத்தை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

செட்டாப் பெட்டியின் மெனுவில் வைக்க வேண்டியது: செயற்கைக்கோள் 93.5, எல்என்பி வகை யுனிவர்சல் 9750/10600, எல்என்பி பவர் ஆன். அலைவரிசை 11090, போலரைசேஷன் வி (செங்குத்து), சிம்பல் ரேட் 29500. அது கிடைக்காவிட்டால் 11170 அல்லது 11470, மற்றவை அதே. திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். "ஸ்ட்ரெங்த்" பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தட்டு வேப்பமரத்தைப் பார்த்திருந்தாலும் அது 60, 70 காட்டும், எல்என்பிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. "குவாலிட்டி" பட்டைதான் கணக்கு.

மூன்று நாள் சிக்கல் இங்கேதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம்: தட்டை வேகமாகத் திருப்புகிறீர்கள். பெட்டி சிக்னலைப் பிடித்துக் காட்ட இரண்டு மூன்று விநாடி ஆகும். 60 செ.மீ. தட்டின் ஓரம் 5 மி.மீ. நகர்ந்தாலே பார்வை 1 டிகிரி மாறிவிடுகிறது. அந்தத் தட்டு மொத்தமாகப் பிடிக்கும் அகலமே 3 டிகிரிதான். ஆகவே உயரத்தை ஓரிடத்தில் இறுக்கிவிட்டு, இடமிருந்து வலமாக ஒரு நெல்மணி அகலம் நகர்த்தி, மூன்று எண்ணுங்கள். பிறகு அடுத்த நெல்மணி. ஒரு சுற்றில் கிடைக்காவிட்டால் உயரத்தை 1 டிகிரி ஏற்றி மறுபடி. குவாலிட்டி எழுந்ததும் எல்என்பியை அதன் வளையத்துக்குள் மெல்லத் திருப்புங்கள். நம் பகுதிக்கு அது நேர்நிலையிலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் திருப்பினால் இறங்கும், மறுபக்கம் ஏறும். கடைக்காரர் நேராகச் செருகிக் கொடுத்த எல்என்பியை அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் "மழைத்தூறலுக்கே படம் போகுது" என்கிறார்கள்.

தென்னையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 67 டிகிரி உயரம் நமக்கு ஒரு வரம். தட்டிலிருந்து அளந்தால் 50 அடி உயரமுள்ள மரம் 21 அடி தள்ளி நின்றால் போதும், மறைக்காது. மரத்தின் உயரத்தை 0.42-ஆல் பெருக்குங்கள், அந்தத் தூரம் வேண்டும். மட்டை விரியும் அகலத்துக்கு இன்னும் 8, 10 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கில் மட்டும் பார்த்தால் போதும். சாளைக்கு மேற்கே நிற்கும் மரம் எவ்வளவு உயரமானால் என்ன?

வீட்டில் பழைய டாடா ப்ளே தட்டு சும்மா இருக்கிறது. அதை ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பயன்படுத்தலாமா? — ஈரோடு வாசகி

தாராளமாக. தட்டு, எல்என்பி, கேபிள் மூன்றும் பொருந்தும். பெட்டி மட்டும் புதிதாக வேண்டும். பழைய தட்டு 83 டிகிரி செயற்கைக்கோளைப் பார்த்து வைத்தது. தட்டுக்குப் பின்னால் நின்று, கிழக்குப் பக்கமாக, அதாவது இடது கைப் பக்கம் 30 டிகிரி போலத் திருப்பி, உயரத்தை 8 டிகிரி இறக்குங்கள். எல்என்பியையும் மேலே சொன்னபடி திருப்ப வேண்டும். டிஷ் டிவி தட்டாக இருந்தால் வேலை இன்னும் சுலபம், அது 95 டிகிரி; பக்கத்து வீடு மாதிரி. ஆனால் அதிலேயே ஒரு வம்பும் உண்டு. குவாலிட்டி ஏறியிருக்கும், சேனல் தேடினால் எல்லாம் பூட்டிய கட்டணச் சேனலாக வரும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒவ்வொரு ஆடியிலும் படம் போய்விடுகிறது. ஆளைக் கூப்பிட்டால் திருப்பிவிட்டு 300 ரூபாய் வாங்கிப் போகிறார். — உடுமலை

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாடி ஆலைகளைச் சுற்றுகிறது என்றால் உங்கள் தட்டை விடுமா? தட்டின் ஓரம் ஒரு விரற்கடை தள்ளினால் 3 டிகிரி, படம் போச்சு. ஆடி பிறக்கும் முன்பே மூன்று இடங்களைப் பாருங்கள். அடித்தகடு தார்சில் நான்கு ஆங்கர் போல்ட்டில் நிற்கிறதா, அல்லது இரண்டில் ஒப்பேற்றியிருக்கிறதா. கம்பத்தைக் கவ்வும் கிளாம்பில் துரு தின்று நட்டு சுற்றாமல் நிற்கிறதா. அப்படியென்றால் அது இறுகியது போலத்தான் தோன்றும், உண்மையில் வழுக்கும். மூன்றாவது, கைப்பிடிச் சுவரில் செங்கல் மேல் அறைந்த தாங்கி. செங்கல்லில் ஆங்கர் போல்ட் நிற்காது, காற்றில் ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

ஓட்டு வீடாக இருந்தால் சட்டத்தில் கட்டுவதை விட்டுவிடுங்கள். கிளாம்புக்குப் பொருந்தும் விட்டத்தில் ஜி.ஐ. பைப் வாங்கி, 2 அடி குழி தோண்டி, கான்கிரீட் போட்டுத் தரையிலேயே நட்டுவிடலாம். ஆடு மாடு உரசாத இடமாகப் பாருங்கள். சரியாக வைத்த பிறகு கம்பத்திலும் கிளாம்பிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த ஆடியில் கோடு விலகியிருந்தால் நீங்களே சேர்த்து இறுக்கலாம், 300 ரூபாய் மிச்சம்.

காற்று இல்லாத நாளிலும் போனால் கேபிளைப் பாருங்கள். எல்என்பி முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும், செம்பு பச்சை பூத்திருக்கும். ஒரு அடி நறுக்கிவிட்டுப் புது எஃப் கனெக்டர் போட்டு, கேபிளைக் கீழே தொங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கேபிள் ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கனெக்டரைத் தொட வேண்டும், கம்பியும் வலையும் உரசினால் எல்என்பி பவர் ஷார்ட் ஆகும். சித்திரை வைகாசிக் கோடை இடியின்போது கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

மார்ச் நடுவில் சில நாள் காலை 11 மணிக்கு மேல் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, கொஞ்ச நேரத்தில் தானே சரியானது. பெட்டி கெட்டுவிட்டதா? — புளியம்பட்டி

இல்லை. அந்த நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் சிக்னல் முங்கிப்போகிறது. நம் பகுதிக்கு மார்ச் 15-ஐ ஒட்டிய சில நாட்களில் 11.15 மணி வாக்கில், செப்டம்பர் 28-ஐ ஒட்டி 10.55 வாக்கில் சில நிமிடங்கள் இருக்கும். இதையே நமக்குச் சாதகமாக்கலாம். புதுத் தட்டு வைக்க நினைக்கும் இடத்தில் அந்த நாளில் அந்த நேரத்தில் வெயில் அடிக்கிறதா, நிழல் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் விழுந்தால் அந்த மரம் சிக்னலையும் மறைக்கும். மற்ற மாதங்களில் சூரியன் வேறு பாதையில் போவதால் இந்தச் சோதனை செல்லாது.

போன மாசம் வந்த சேனல் இந்த மாசம் இல்லை. சில சேனலுக்குப் பெயர் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது. — கோவை, சிங்காநல்லூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தொடங்கியதுதான் இந்தச் சேவை. பார்ப்பவர் பணம் தருவதில்லை, இடம் பிடிக்கும் தனியார் சேனல்தான் தருகிறது. அந்த இடங்கள் மின்னேலத்தில் போகின்றன. ஆண்டு ஒதுக்கீடு ஏப்ரல் 1-இல் தொடங்கும். ஏலத்தில் எடுக்காத சேனல் மறைந்துவிடும், புதிது வந்து உட்காரும். ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய பட்டியலை அழித்துவிட்டு ஒரு முறை ஆட்டோ ஸ்கேன் போடுங்கள்.

பெயர் வந்து படம் வராதது உங்கள் பெட்டி எம்பெக்-2 என்ற பழைய படச் சுருக்க முறையை மட்டும் அறிந்த பழைய பெட்டி என்பதால். எம்பெக்-4 சேனல்களை அதால் விரிக்க முடியாது. புதுப் பெட்டிதான் வழி. அதற்கு முன் டிவியின் பின்புறம் திருகு வைத்த "சேட்டிலைட்" துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேபிளை நேரே அதில் திருகலாம், பெட்டியே வேண்டாம்.

தமிழ்ச் சேனல் எத்தனை வரும் என்று பலர் கேட்கிறார்கள். ஒளிக்காமல் சொல்வதானால், இது இந்தி பார்ப்பவர்களுக்கு வாழைத்தார், நமக்கு இரண்டு சீப்பு. டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரியில் பெயர் மாறிய பழைய பொதிகை, நிச்சயம் உண்டு. பிள்ளைகளுக்கான கல்விச் சேனல்களும், வானொலியும் உண்டு. தமிழ் சீரியல்களை நம்பி வாங்காதீர்கள்.

மொட்டை மாடியில் பழைய மீன்முள் ஆன்டெனா இருக்கிறது. கொடைக்கானல் சிக்னல் இன்னும் வருமா? — தாராபுரம்

வராது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. 2016-இல் தொடங்கிய டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பின் பட்டியலில் சென்னை இருந்தது, கொங்கு ஊர்கள் இல்லை. அலுமினியத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, கம்பத்தை வைத்துக்கொள்ளுங்கள், தட்டு மாட்ட உதவும்.

ஒரே தட்டில் இரண்டு டிவி? — பெருந்துறை

இரண்டு வாய் உள்ள எல்என்பி வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் இழுங்கள். மலிவு ஸ்ப்ளிட்டர் போட்டால் இரண்டு பெட்டியும் ஒரே எல்என்பிக்கு மின்சாரம் அனுப்பிச் சண்டை போடும்.

கறவை மாடு விற்க நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தேன். நாற்பது போன் வந்தது, ஒருத்தரும் நேரில் வரலைங்க. — காங்கேயம்

நீங்கள் அனுப்பியிருந்த வரி: "நல்ல கறவை மாடு விற்பனைக்கு, விலை நேரில், தொடர்புக்கு..." நாற்பது பேரும் கேட்டிருக்கக்கூடியது ஒரே கேள்வி: எத்தனையாவது ஈத்து, எவ்வளவு கறக்கும், எந்த ஊர், என்ன விலை. விளம்பரம் சொல்லாததை நீங்கள் நாற்பது முறை வாயால் சொல்லியிருக்கிறீர்கள்.

மாற்றி எழுதினால்: "காங்கேயம். சிந்து கலப்பு, 2-ஆம் ஈத்து, கன்று போட்டு 20 நாள், கிடாரிக் கன்று. காலை 6, மாலை 4 லிட்டர். கறந்து பார்க்கலாம், மாலை 4 மணி. ரூ. ..., போன்..." வார்த்தை கூடினால் காசு கூடும் என்கிறீர்கள், உண்மைதான். "நல்ல", "அருமையான", "விற்பனைக்கு", "தொடர்புக்கு" எல்லாவற்றையும் வெட்டுங்கள். "விற்பனை" என்ற தலைப்பின் கீழேதானே அச்சாகிறது, மறுபடி எதற்கு அந்தச் சொல்? ஊர்ப் பெயர் முதல் சொல்லாக இருக்கட்டும். படிப்பவர் பத்தியில் மேலிருந்து கீழே தன் பக்கத்து ஊரைத்தான் தேடுகிறார். "கறந்து பார்க்கலாம்" என்ற இரண்டு சொல், எந்த அடைமொழியையும்விட அதிக ஆளைக் கொண்டுவரும். விலையை மறைத்தால் வியாபாரிகள் மட்டுமே கூப்பிடுவார்கள்.

தோட்டம் விற்பவர்களுக்கும் இதே சூத்திரம்தான், சொற்கள்தான் வேறு. ஏக்கர், கிணறா போரா, மின் சர்வீஸ் எத்தனை குதிரைத்திறன், தார்ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், வண்டித்தடம் பத்திரத்தில் இருக்கிறதா, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனம் என்றால் எந்த மண்டலம். தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா என்பதைச் சொல்லிவிட்டால் பாதி வீண் போன் குறையும். மனைப் பிரிவு போட்டு விற்பதாக இருந்தால் கதை வேறு: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் அதன் இணையதள முகவரியும் விளம்பரத்தில் இருந்தே ஆக வேண்டும், பதிவுக்கு முன்பே "முன்பதிவு நடைபெறுகிறது" என்று போடுவது சட்டப்படி குற்றம்.

கட்டணம் பற்றி ஒரு சொல். வரி விளம்பரத்துக்கு வரி அல்லது சொல் கணக்கு. கட்டம் போட்ட விளம்பரத்துக்குச் சதுர செ.மீ. கணக்கு. 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்றால் 20 சதுர செ.மீ., அதோடு 5 சதவீத ஜி.எஸ்.டி. மாட்டுக்கு உங்கள் மாவட்டப் பதிப்பு மட்டும் போதும். எல்லாப் பதிப்பும் போடலாம் என்று ஏஜென்ட் சொன்னால், திருநெல்வேலியிலிருந்து யார் வந்து கறந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

பனியன் கம்பெனிக்கு டைலர் தேவை என்று போட்டால் வேலை தெரியாதவர்களே வருகிறார்கள். — திருப்பூர்

"டைலர்" என்ற சொல் திருப்பூரில் போதாது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், இவற்றில் எந்தத் தையல் மெஷின் என்று எழுதுங்கள். பீஸ் ரேட்டா டைம் சம்பளமா, ஒரு ஷிப்டா ஒன்றரை ஷிப்டா, தங்குமிடம் உண்டா, எந்த ரோடு. கூலியை எழுதத் தயங்கினால், எழுதும் எதிர் வரிசைக் கம்பெனி ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

தாய்ப் பத்திரம் தொலைந்துவிட்டது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் நகல் கிடைத்துவிடுமா? — கோபி

விளம்பரத்தால் நகல் வராது. சான்றிட்ட நகலைப் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டும். விளம்பரம் எதற்கென்றால், பத்திரத்தை நீங்கள் எங்கும் அடகு வைக்கவில்லை என்பதற்கு வங்கியும் வாங்குபவரும் கேட்கும் சாட்சி. வரிசை முக்கியம்: முதலில் காவல் நிலையத்தில் புகார், ரசீது, பிறகு விளம்பரம், ஆட்சேபக் காலம் முடிந்து காவல் நிலையத்தில் "கண்டுபிடிக்க இயலவில்லை" சான்று. பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எழுதிக் கொடுத்தவர் வாங்கியவர் பெயர், எங்கே எப்போது தொலைந்தது, எத்தனை நாளுக்குள் யாரிடம் ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்பவை இருக்க வேண்டும். எண் ஒன்று பிசகினால் மறுபடி காசு கொடுத்துப் போட வேண்டியதுதான்; ஆகவே அச்சுக்குப் போகுமுன் புரூப் கேட்டுப் பாருங்கள். வந்த நாளில் மூன்று பிரதி வாங்குங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரிக்காமல், பெயரும் தேதியும் தெரியும் முழுப் பக்கத்தையும் வையுங்கள். கத்தரித்த துண்டைப் பல வங்கிகள் ஏற்பதில்லை.

லோக்கல் கேபிளில் திரைக்குக் கீழே ஓடும் எழுத்து விளம்பரம் பலன் தருமா? — பல்லடம்

தறி ஓட்ட ஆள், வாடகை வீடு போன்ற பத்து கிலோமீட்டருக்குள் முடியும் காரியத்துக்குப் பலன் தரும். போன் எண்ணை முதலிலும் ஒரு முறை, கடைசியிலும் ஒரு முறை போடச் சொல்லுங்கள். பார்ப்பவர் கண் பாதியில்தான் விழும். பன்னிரண்டு பதினைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். "நாள் முழுக்க ஓடும்" என்பதை ஏற்காமல், இரவு 7 முதல் 10 வரை மணிக்கு எத்தனை முறை என்று எழுதி வாங்குங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1994-ஆம் ஆண்டுக் கேபிள் டிவி விதிகள், நிகழ்ச்சி ஓடும்போது திரையின் அடிப்பகுதியில் விளம்பர எழுத்து ஓட்டக்கூடாது என்றுதான் சொல்கின்றன. ஊரெல்லாம் ஓடுகிறது, அது வேறு. இடைவேளையில் பத்து விநாடி முழுத்திரை அட்டை கிடைத்தால் அதைக் கேளுங்கள், எழுத்தும் பெரிதாகத் தெரியும்.

ஸ்கூட்டியை இணையத்தில் விளம்பரம் போட்டேன். வண்டியைப் பார்க்காமலே ஒருவர் முன்பணம் அனுப்புகிறேன், கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க என்கிறார். — அவிநாசி

பண்ணாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் கேட்கும் இடமெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும் இடம். பின்னை அழுத்தியே விட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

நேரில் வருபவருக்கு விற்றால், வண்டியைக் கொடுக்கும் அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் பாக்கி இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். வாங்குபவரின் லைசென்ஸ் நகலும், வண்டி கைமாறிய தேதியும் நேரமும் எழுதிய ஒரு சீட்டும் உங்களிடம் இருக்கட்டும். பெயர் மாறும்வரை அந்த வண்டி வாங்கும் அபராதச் சீட்டெல்லாம் உங்கள் போனுக்குத்தான் வரும்.